மாங்குளத்துக்கு நேசறி வந்த வழி

ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிற மாங்குளம் சந்தியில் காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் நின்றால், சைக்கிள் கரியரிலும் மோட்டார்சைக்கிள் தாங்கியிலும் குந்தியபடி குஞ்சுப் பிள்ளைகள் நேசறிக்குப் போவதைக் காணலாம். அரசாங்கக் கடிதங்களில் அது முன்பள்ளி. வீட்டுப் பேச்சில் இன்றைக்கும் நேசறிதான். வன்னியின் நேசறி ஒன்றுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் எழுத்துப் பலகை அல்ல, பிள்ளையின் இடுப்பளவு உயரத்தில் பூட்டிய தண்ணீர்க் குழாய். "கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ பிள்ளையள்" என்று ரீச்சர் சொல்ல, வரிசையாக நின்று சவர்க்காரம் போட்டுக் கழுவுவார்கள். பிறகு கஞ்சி: சிவப்பரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும், அன்றைக்கு அகப்பட்ட முருங்கையிலையோ வல்லாரையோ. சில நாள் அவித்த கடலை, சில நாள் கௌபி. வீட்டில் வாயே திறக்காத பிள்ளை இங்கே கோப்பையை வழித்துக் குடிக்கிறதே என்று தாய்மார் ஆச்சரியப்படுவது எல்லா ஊரிலும் நடக்கிற கதை.

பாட்டு, கஞ்சி, குழாய், இடையிடையே தராசோடு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது நமக்கு இயல்பாகப் படுகிறது. ஆனால் இவை ஒன்றுசேர இருநூற்றைம்பது வருடம் பிடித்தது. சேர்த்து வைத்தவர்களில் பலர் பள்ளிக்கூடம் தொடங்கப் புறப்பட்டவர்களே அல்ல.

முதலில் வந்தது அடுப்பு. 1769 அளவில், பிரான்ஸின் கிழக்கு மலைப்பகுதியான வோஸ்ஜில், வால்டர்ஸ்பாக் என்ற ஏழை ஊரின் பாதிரியாராக இருந்தவர் ஓபர்லின். தாய் தகப்பன் வயலுக்குப் போன பிறகு குழந்தைகள் பனியில் அலைந்து திரிந்தன. சாரா பான்செட் என்ற இளம்பெண் அவர்களைத் தன்னிடம் கூட்டிவைத்துப் பின்னல் வேலை பழக்குவதைப் பார்த்த ஓபர்லின், ஊர் ஊராக அப்படிச் சூடேற்றிய அறைகளை ஏற்படுத்தினார். குளிருக்கு ஒதுங்க வந்த இடத்திலேயே பிள்ளைகள் பாட்டும் செடிகளின் பெயர்களும் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த திருப்பம் பருத்தி ஆலையில். ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க்கில் றொபர்ட் ஓவன் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். நிறுத்திய பிள்ளைகளை எங்கே விடுவது? 1816 ஜனவரி முதலாம் திகதி அவர் திறந்த நிலையத்தில் நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் இடம் இருந்தது. ஆசிரியர், ஜேம்ஸ் புக்கானன் என்ற கைத்தறி நெசவாளி. துணைக்கு மொலி யங் என்ற 17 வயதுப் பெண். புத்தகத்தைக் காட்டிப் பிள்ளையைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்பது ஓவனின் கண்டிப்பான உத்தரவு. பார்க்க வந்தவர்கள் பிரதியெடுக்கத் தொடங்கினார்கள். புக்கானனையே இலண்டனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே சாமுவேல் வில்டர்ஸ்பின் என்பவர் படிக்கட்டு மாதிரி ஆசனங்கள் கட்டி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இருத்தி, ஒரே குரலில் ஒப்புவிக்க வைத்தார். ஓவன் வேண்டாம் என்றதுதான் பிரதியில் பெருத்து நின்றது. இன்றைக்கு மூன்று வயதுப் பிள்ளை ஏ, பி, சி, டி என்று கூட்டத்தோடு கத்துவதைக் கேட்கும்போது எனக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் வரும்.

ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃபுரோபெல் 1840இல் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் சூட்டி விளையாட்டை நடுவில் வைத்தார். 1851இல் பிரஷ்ய அரசு அதைத் தடைசெய்தது. அதிகாரிகள் அவரையும், அரசுக்குப் பிடிக்காத நூல் எழுதிய அவருடைய அண்ணன் மகன் கார்ல் ஃபுரோபெலையும் குழப்பிக்கொண்டதே காரணம் என்பார்கள். அடுத்த வருடமே ஃபிரெடரிக் இறந்துபோனார். ஆனால் அந்தக் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்களோடு அவருடைய முறை இலண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வேரூன்றியது.

உடலும் எழுத்தும் கைகோத்த இடம் ரோம். அங்கே சான் லொறென்சோ என்ற ஏழைப் பகுதியில் ஒரு நிறுவனம் பழைய அடுக்குமாடிகளைத் திருத்தி வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் படிக்கட்டில் ஓடி, புதிதாகப் பூசிய சுவர்களில் கிறுக்கினார்கள். சுவரைத் திரும்பத் திரும்பப் பூசுவதிலும் பார்க்கப் பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துப் பார்க்க ஆள் பிடிப்பது மலிவு என்று நிறுவனம் கணக்குப் போட்டது. அந்த அறை 1907 ஜனவரி 6ஆம் திகதி திறக்கப்பட்டது. அதை நடத்த முன்வந்தவர் மரியா மொன்ரிசோரி, ஒரு வைத்தியர். அதனால்தான் அங்கே பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளந்து பதியப்பட்டன. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமாக அனுப்பவேண்டும் என்பது பெற்றோருக்கு விதியாக இருந்தது. இன்று மொன்ரிசோரி என்றால் மரக்கட்டைகளும் மணிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தத் தராசை எத்தனைபேர் நினைக்கிறோம்?

அதே காலத்தில் இலண்டனின் டெப்ற்ஃபோர்ட்டில் றேச்சல் மக்மில்லன், மார்கரெட் மக்மில்லன் என்ற சகோதரிகள் பிள்ளைகளுக்காக ஒரு கிளினிக் நடத்தினார்கள். மருந்து பூசி அனுப்பிய பிள்ளை சில வாரங்களில் அதே சொறியோடும் அதே கண்நோயோடும் திரும்பி வந்தது. மருந்தில் பிழையில்லை, பிள்ளை திரும்பிப்போன வீட்டில் காற்றும் வெளிச்சமும் தண்ணீரும் இல்லை என்பது அவர்களுக்கு விளங்கியது. 1914இல் சிறு பிள்ளைகளுக்காகத் திறந்த வெளியில் ஒரு நேசறி தொடங்கினார்கள். தோட்டம், குளிக்கத் தொட்டி, வேளைக்குச் சாப்பாடு, வெளியில் உறக்கம். எங்கள் நேசறியின் குழாய்க்கும் கஞ்சிக்கும் நேரடி மூதாதை இந்த டெப்ற்ஃபோர்ட் தோட்டம்தான் என்பது என் எண்ணம்.

இனி இந்தப் பயணம் நம் பக்கம் திரும்புகிறது. நம்மிடம் விஜயதசமியில் அரிசியில் 'அ' எழுதி ஏடு தொடக்குகிற வழக்கமும் அரிவரி வகுப்பும் இருந்தன. அவை எழுத்தின் வாசல்கள்; நேசறி வந்தது வேறு வாசலால். 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்ற வழக்கறிஞர் மொன்ரிசோரியை வாசித்துவிட்டுப் பால மந்திர் தொடங்கினார். 1931இல் காந்தி இலண்டனில் மொன்ரிசோரியைச் சந்தித்தார். 1939இல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த அருண்டேல் தம்பதியரின் அழைப்பில் மொன்ரிசோரி, மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்குச் சில மாதப் பயிற்சி நடத்த வந்தார். வந்த இடத்தில் யுத்தம் பிடித்துக்கொண்டது. 1940 ஜூனில் இத்தாலி பிரித்தானியாவுக்கு எதிராக இறங்க, தாயும் மகனும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்து, தாயின் எழுபதாவது பிறந்தநாளுக்கு விடுவித்தார்கள். சில மாதம் என்று வந்தவர் சென்னையிலும் கொடைக்கானலிலுமாக வருடக்கணக்கில் தங்க, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றார்கள். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்றினார்.

கிஜுபாயோடு வேலை செய்த தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில், விலையுயர்ந்த கருவிகளை ஒதுக்கிவிட்டு கல்லும் இலையும் கொண்டு பிள்ளைகளுக்குப் பழக்கினார். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் முற்றத்துக்கே போய் நடத்தியதுதான் அங்கன்வாடி. 1975 ஒக்ரோபர் 2ஆம் திகதி இந்திய அரசு சத்துணவையும் தடுப்பூசியையும் சேர்த்துத் தொடங்கிய திட்டம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் தமிழ்நாட்டின் இரண்டு வயதுப் பிள்ளையின் தட்டு வரைக்கும் சோறு கொண்டுபோனது.

வன்னிக்கு வந்த பாதை வேறு. அது மலையிலிருந்து இறங்கியது. தேயிலைத் தோட்டங்களில் தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தையை ஆயாவிடம் விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்துப் பஞ்சமும் 1977 கலவரமும் ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளின் ஓரத்துக்குத் தள்ளின. காடு வெட்டிக் குடிசை போட்ட அவர்களுக்குப் பிள்ளைக்காம்பராவும் இல்லை, ஆயாவும் இல்லை. அப்போது வவுனியாவைத் தளமாகக் கொண்டு இயங்கியது காந்தீயம் என்ற தொண்டு அமைப்பு. ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பனில் பிறந்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும், வைத்தியர் எஸ். இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பயிற்றி, குடியேற்றங்களில் நேசறி நடத்த அனுப்பினார்கள். குடிசை, மரநிழல், சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு ஏதாவது சத்தான சாப்பாடு: வன்னியில் இன்று நாம் பார்க்கும் நேசறியின் உருவம் அங்கே தெளிவாகத் தெரிகிறது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். இராஜசுந்தரம் ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் கொல்லப்பட்டார். தப்பிய டேவிட் பல வருடம் இந்தியாவில் வாழ்ந்து, திரும்பி வந்து 2015இல் கிளிநொச்சியில் காலமானார். இந்த இருவரின் பெயரும் நேசறிப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கஞ்சிக்குப் பக்கத்தில் நிற்கும் திரிபோஷா என்ற சத்துமாவுக்கும் ஒரு சுற்றுப்பயணம் உண்டு. ஐம்பதுகளில் குவாத்தமாலாவின் போசாக்கு ஆய்வாளர்கள் சோளத்தையும் பருத்திவிதை மாவையும் கலந்து மலிவான சத்துமா செய்தார்கள். அதன் வழியில் அமெரிக்கா சோளமும் சோயாவும் சேர்த்த மாவைக் கப்பலேற்றியது. 1973இல் கெயார் நிறுவனத்தின் துணையோடு இலங்கையில் திரிபோஷா தொடங்கியது. கிளினிக்கில் கொடுக்கும் பைக்கற்றைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லோருக்கும் பங்கு உண்டு. மெலிந்த பிள்ளைக்குக் கிடைப்பது அதில் ஒரு துண்டு. பக்கத்திலிருந்து பார்த்து ஊட்ட ஒரு ரீச்சர் இருக்கிற இடத்தில் கோப்பை அந்தப் பிள்ளைக்கே போய்ச் சேருகிறது. நேசறியின் பெரிய பலம் இது.

தராசுக்குத் துணையான கொப்பி ஆபிரிக்காவிலிருந்து வந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் டேவிட் மோர்லி என்ற வைத்தியர், பிள்ளையின் நிறையைக் கோடாக வரையும் அட்டை ஒன்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய துணிச்சலான முடிவு, அட்டையை ஆஸ்பத்திரி அலுமாரியில் பூட்டாமல் தாயின் கையில் கொடுத்தது. இங்கே நாம் கிளினிக் கொப்பி என்று சொல்வது அதன் வாரிசு. அதைப் பிரயோகிப்பதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். வளையில் தொங்கு தராசைக் கொழுவி, துணிக் காற்சட்டைக்குள் பிள்ளையை இறக்குவார்கள். பிள்ளை உதைக்கும், வீரிடும், முள் துள்ளும். உத்தியோகத்தர் அவசரப்பட மாட்டார். ஒரு கணம் பிள்ளை மூச்செடுக்க அடங்கும்போது முள்ளும் நிற்கும்; அந்தக் கணத்தில் வாசித்துப் புள்ளி வைப்பார். போன புள்ளியையும் இந்தப் புள்ளியையும் சேர்க்கிற கோடு மேலே போகிறதா, படுக்கிறதா என்பதைத் தாய் எழுத்து வாசிக்காமலே அறிவாள். 2009இல் வன்னியை விட்டு ஓடியவர்களில், அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் இந்தக் கொப்பியையும் பைக்குள் வைத்திருந்த தாய்மார் உண்டு.

சாப்பாடு மட்டும் போதுமா, விளையாட்டும் வேண்டுமா என்ற கேள்விக்கு ஜமேக்காவில் விடை கிடைத்தது. 1986 தொடக்கம் கிங்ஸ்ரன் நகரில் சாலி கிரந்தம்-மக்கிரகரும் கூட்டாளிகளும் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். சிலருக்குப் பால்மா, சிலரின் வீட்டுக்கு வாரமொருமுறை சுகாதாரத் தொண்டர் போய், வெறும் போத்தலிலும் மூடியிலும் செய்த பொம்மைகளோடு தாயையும் பிள்ளையையும் விளையாடப் பழக்கினார், சிலருக்கு இரண்டும். இரண்டு வருடத்தில் இரண்டும் கிடைத்த பிள்ளைகளே மனவளர்ச்சியில் முன்னுக்கு நின்றார்கள். இருபது வருடம் கழித்தும், விளையாட்டுக் கிடைத்தவர்கள் கூடுதலாக உழைத்தார்கள். போத்தல் மூடியில் எண் பழக்கும் எங்கள் ரீச்சர்மார் செய்வது சில்லறை வேலை அல்ல.

போருக்குப் பிறகு மீள்குடியேறிய கிராமங்களில் நேசறிகள் தறப்பாள் நிழலில் திரும்பவும் தொடங்கின. வன்னியில் பல நேசறி ஆசிரியைகளைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மாகாணத்தின் கீழ் வேலை செய்தவர்களின் ஊக்கத்தொகை அதிலும் பன்மடங்கு குறைவாக இருந்தது. குழந்தைக்குக் கை கழுவப் பழக்குகிறவருக்குப் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சம்பளத்தை நம்பி வாழும் பெண்களைக் குறை சொல்லவும் முடியாது. 2022 நெருக்கடியில் சோளத்துக்குத் தட்டுப்பாடு வந்து திரிபோஷாவும் தடுமாறியபோது, பல ஊர்களில் பெற்றோர் முறைவைத்து அரிசியும் தேங்காயும் கொண்டுவந்து கஞ்சிப் பானையைக் காப்பாற்றினார்கள்.

இலங்கையில் இரண்டு வயது வரைக்கும் பிள்ளையை மாதாமாதம் நிறுக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐந்து வயது வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தாய் கூலிவேலைக்குப் போகிற வீட்டில் அந்த மூன்று மாதம் ஆறாகிவிடும். ஆனால் அதே பிள்ளை வாரத்தில் ஐந்து நாள் நேசறியில் இருக்கிறது. ஒவ்வொரு நேசறியிலும் ஒரு தராசு, அதை வாசிக்கப் பழகிய ஆசிரியை, அவருக்கு மாதம் பிறந்ததும் வரும் ஒழுங்கான சம்பளம், அரிசிக்கும் பயறுக்கும் கடைக்காரர் கடன் இல்லையென்று சொல்லும் முன்னர் வந்துசேரும் பணம்: மாகாணக் கல்வி அமைச்சும் சுகாதாரத் திணைக்களமும் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒன்றாக இருந்து எழுதவேண்டிய வரிகள் இவை.