பள்ளியும் கூடமும்

நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்குச் செல்லும் ஒருவன், அங்குள்ள முஸ்லிம் மக்களிடம் 'பள்ளி எங்கே?' என்று விசாரிப்பானாயின், அவர்கள் காட்டுவது தொழுகைக்குரிய ஸ்தலமாகவே இருக்கும். பிள்ளைகள் பயிலும் இடத்தைத் தேடி வந்தவன் 'கூடம்' என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

பள்ளி என்பதற்குப் படுக்கை என்னும் பொருள் உண்டென்பதைப் பள்ளியறையும் பள்ளிகொள்ளுதலும் இன்றும் உணர்த்தும். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் குகையில், கற்படுக்கைகளில் துயின்ற சமண முனிவரின் உறைவிடத்தைத் தமிழ்ப் பிராமிச் சாசனம் இச்சொல்லாலேயே குறிக்கின்றது. துயின்ற இடத்திலேயே அவர்கள் ஓதியும் ஓதுவித்தும் வாழ்ந்தமையால் அது கல்விக்குரிய பெயராயிற்று என்பர். அமணருக்கும் பௌத்தருக்கும் உரியதாயிருந்த அப்பெயரே பின்னர் மசூதிக்கும், மலையாள நாட்டில் கிறிஸ்தவ தேவாலயத்துக்கும் வழங்கலாயிற்று. மதங்கள் பிணங்கிய இடங்களிலும் சொல் பிணங்கவில்லை.

கூடத்துக்கு இத்தனை சரித்திரமில்லை. ஆயினும் நம் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடங்களைப் பார்த்தவர்க்கு அதன் பொருத்தம் விளங்கும்: அரைச்சுவரும் ஓட்டுக்கூரையுமாக நீண்ட ஒரே மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே சுவரில்லை, ஒரு மூலையின் வாய்ப்பாடு மறுமூலையின் செய்யுளோடு கலந்தொலிக்கும். மாணவர் நீங்கி ஓடு சரிந்தபின் அத்தகைய கட்டிடத்துக்கு வரும் அழகு, அது வாழ்ந்த காலத்தில் எவர் கண்ணிலும் பட்டதன்று.

பாழடைந்த பள்ளியின் அழகை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நாகபட்டினமே முன்வந்து நிற்கும். ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் அங்கே நிறுவிய சூளாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்குரிய நிலக்கொடையாக, அளித்தான். அவ்விகாரத்துக்கு வழங்கிய இராஜராஜப் பெரும்பள்ளி என்னும் பெயரே நம் கீழ்க்கரையில் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரையின் சாசனங்களிலும் காணப்படுவது சிந்திக்கத்தக்கது. பிக்ஷுக்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், நாகபட்டினத்தில் மூன்று நிலைச் செங்கற்கோபுரம் ஒன்று எஞ்சி நின்றது. 1846இல் அதனைப் பார்த்து வரைந்த ஆங்கில அரசின் அதிகாரி வால்டர் எலியட்டின் குறிப்பின்படி, சாந்தின்றி நெருக்கி அடுக்கிய செங்கற்கள், பக்கந்தோறும் நடுவே ஒரு வாயில், தளங்கள் இற்றுப்போய் வானம் வரை திறந்த உள்வெளி. கடலில் வரும் மாலுமிகளுக்கு அது கரையடையாளமாகவும் பயன்பட்டது.

அதனை இடிக்க அனுமதி வேண்டியவர் யாரெனின், கல்லூரி நடத்திய இயேசு சபையினர்! எலியட் காக்க முயன்றும் பயனில்லை. சர்க்கார் இசைந்து, 1867இல் கோபுரம் தரைமட்டமாயிற்று. ஒரு பழைய பள்ளியைப் புதிய பள்ளி அழித்தது என்பதை அக்காலத்தில் எவரேனும் நினைத்திருப்பாரோ, அறியேன். கல்வியின் பெயரால் நிகழ்ந்ததாதலால் குற்றம் சாட்டவும் நா எழவில்லை. ஆனால் அவர்கள் நடத்திய அந்தப் புனித சூசையப்பர் கல்லூரியும் நாகபட்டினத்தில் தங்கவில்லை. கோபுரம் வீழ்ந்து பதினாறாண்டுகளில், 1883இல், அது திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது.