ஏந்திய தீயும் ஏற்ற பணியும்

மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, பீலி சூட்டிப் போற்றுவது பண்டைத் தமிழர் மரபு. இன்று நாம் படம் திறக்கிறோம்; மாலை சூட்டுகிறோம்; இரண்டு மணித்துளி எழுந்து நின்று மௌனம் காக்கிறோம். இவை யாவும் நன்றியின் அடையாளங்களே, குறை கூறுதற்கில்லை. ஆயினும், மறைந்தவர் தொடங்கிய பணி அவரோடு மறைந்து போமாயின் அந்தக் கல்லும் படமும் எதற்குச் சான்றாகும்?

இவ்வினாவுக்கு விடை தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் பிழைக்க வந்து வேரூன்றிய இப்புனே நகரத்தின் வரலாற்றிலேயே அவ்விடை இருக்கிறது. கணவரை இழந்த பின் ஓர் அம்மையார் வாழ்ந்த ஆறேகால் ஆண்டுகளே அவ்விடை. அவர் பெயர் சாவித்திரிபாய் பூலே.

இருவர் தொடங்கிய பணி

ஜோதிராவ் பூலே 1827 இல் பிறந்தவர். தோட்டத் தொழிலும் பூ வாணிகமும் செய்த மாலி வகுப்பினர். 1840 இல் அவருக்கு மணம் முடிந்தபோது, சாத்தாரா மாவட்டத்து நைகாவில் பிறந்த சாவித்திரிக்கு வயது ஒன்பது. எழுத்தறியாது வந்த மனைவிக்குக் கணவரே எழுத்தறிவித்தார். 1848 இல் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்கென இவர்கள் பள்ளி தொடங்கினர். அப்பள்ளிக்கு நடந்து சென்ற சாவித்திரிபாயின் மீது தெருவில் நின்றோர் சேற்றையும் சாணத்தையும் வீசினர். பள்ளியில் மாற்றிக் கொள்ள வேறொரு சேலையை அவர் உடன் கொண்டு சென்றார் என்பது இந்நகரம் இன்றும் சொல்லும் செய்தி.

பெற்ற தந்தையே ஊராரின் அச்சுறுத்தலுக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேறச் சொன்னபோது, உஸ்மான் ஷேக் என்னும் நண்பர் இவர்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்தார். பணி நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் எழுந்தன. 1863 இல், வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்ற கைம்பெண்கள் குழந்தையைக் கொல்லாது பெற்றெடுக்கத் தம் வீட்டிலேயே ஒரு காப்பகம் அமைத்தனர். 1868 இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களுக்குத் திறந்துவிட்டனர். 1873 இல் 'சத்தியசோதக் சமாஜம்', அதாவது உண்மை தேடுவோர் சங்கம், பிறந்தது. புரோகிதர் இன்றி மணம் நடத்துவதையும், சாதி வேறுபாடின்றி எல்லோர்க்கும் கல்வி தருவதையும் அது தன் நெறியாகக் கொண்டது.

நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். தமிழகத்தைச் சூறையாடிய அதே பஞ்சம் மராட்டியத் தக்காணத்தையும் வாட்டியது. அக்காலத்தில், 1877 இல், ஓத்தூரில் தங்கித் துயர்துடைப்புப் பணியில் இருந்த சாவித்திரிபாய் கணவருக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. நலம் விசாரித்து முடிக்கும் குடும்பக் கடிதமன்று அது. பஞ்சத்தின் நிலையையும், சமாஜத் தொண்டர்கள் செய்வதையும் ஓர் ஊழியர் மற்றோர் ஊழியருக்கு அறிவிக்கும் கடிதம். கணவர் செய்த பணிக்கு அவர் துணை நின்றார் என்று சொல்வது போதாது. அப்பணி இருவருக்கும் சொந்தமாக இருந்தது.

தீச்சட்டி ஏந்திய கை

1888 இல் ஜோதிராவைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை செயலிழந்த பின்னும் இடக்கையால் தம் இறுதி நூலை எழுதி முடித்தார். 1890 நவம்பர் 28 இல் அவர் மறைந்தார்.

பிணத்தின் முன்னே தீச்சட்டி ஏந்திச் செல்வது மகனுக்குரிய கடன் என்பதை நாம் அறிவோம். மராட்டியர் வழக்கமும் அதுவே. ஜோதிராவுக்கு இருந்த மகன் யசுவந்தர், அக்காப்பகத்தில் ஒரு பிராமணக் கைம்பெண்ணுக்குப் பிறந்து, இவர்கள் மகவேற்று வளர்த்தவர். சுவீகார மகனுக்கு அவ்வுரிமை இல்லை என்று உறவினர் தடுத்தனர். அவ்வழக்கு எழுந்த அந்நேரத்தில், அறுபதை எட்டும் வயதினரான சாவித்திரிபாய் முன்வந்து, தாமே தீச்சட்டியை ஏந்தி ஊர்வலத்தின் முன் நடந்தார், தாமே எரியூட்டினார். பெண் இடுகாட்டுக்குச் செல்வதே வழக்கமில்லாத காலம் அது.

இச்செயலைத் துணிவு என்று மட்டும் சொல்லிப் போற்றிவிட்டு நின்றுவிடுதல் கூடாது. தீச்சட்டி ஏந்தியவர் அதனை இடுகாட்டில் வைத்துவிட்டு வீடு திரும்பலாம், சடங்கு முடிந்தது. சாவித்திரிபாய்க்கு அது முடியவில்லை. சமாஜத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். 1893 இல் சாஸ்வட்டில் கூடிய அதன் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கணவரின் வரலாற்றைச் செய்யுளாகவும் பாடினார்.

1896 இன் இறுதியில் பம்பாயிலிருந்து பிளேக் நோய் புனேக்குப் பரவியது. மருத்துவராகியிருந்த யசுவந்தரைக் கொண்டு, நகருக்கு வெளியே ஹடப்சர் பக்கத்தில் திறந்த வெளியில் மருத்துவமனை அமைத்தார் அம்மையார். முண்ட்வா கிராமத்து மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதைக் கேள்வியுற்று, அவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார். சிறுவன் பிழைத்தான் என்பர். சுமந்து வந்தவரை நோய் பற்றியது. 1897 மார்ச் 10 இல் சாவித்திரிபாய் மறைந்தார். கணவரின் சிதைக்குத் தீ ஏந்திய அதே கைதான் இச்சிறுவனைத் தூக்கியது. இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்க்கே அவர் செலுத்திய அஞ்சலியின் முழுப்பொருள் விளங்கும்.

அவரோடும் அப்பணி முடியவில்லை. சாகு மகாராஜா 1902 இல் கோலாப்பூர் அரசுப் பணிகளில் பாதியைப் பின்தங்கிய வகுப்பாருக்கு ஒதுக்கினார். பாவுராவ் பாட்டீல் 1919 இல் ரயத் சிட்சண் சன்ஸ்தாவைத் தொடங்கி உழவர் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கினார். அண்ணல் அம்பேத்கர் ஜோதிராவைத் தம் ஆசான்களுள் ஒருவராகக் கொண்டார். 2014 இல் புனே பல்கலைக்கழகம் சாவித்திரிபாயின் பெயரைத் தாங்கியது. முதற்பள்ளி நடந்த பிடே வாடா பாழடைந்து கிடந்து, நினைவகம் கட்டுவதற்காக 2023 இல் இடிக்கப்பட்டது. கட்டடம் ஒன்றே அவர்களுக்கு நினைவுச்சின்னம் என்றால், நடுவில் அச்சின்னமும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. பள்ளிக்குச் சென்ற பெண்களோ ஓராண்டும் இல்லாமற் போகவில்லை.

மூலையில் கிடந்த மேசை

இனி நம் கதைக்கு வருவோம். எங்கள் சங்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு மன்றத்தின் திண்ணையில் மேசையிட்டு அமர்வார். கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் எளிய மக்களுக்கு ரேஷன் அட்டைக்கும், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கும், தராது நிறுத்திய கூலிக்கும் மனு எழுதித் தருவார். காசு வாங்கியதில்லை. அவர் மறைந்தார். நாங்கள் படம் திறந்தோம்; ஆண்டுதோறும் மாலையிட்டோம். மேசை உள்ளே மூலைக்குப் போயிற்று. அதன்மேல் குத்துவிளக்கும் பழைய மலர்களின் கட்டுகளும் ஏறின.

ஒரு ஞாயிறன்று, இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண் வந்தாள். ஒப்பந்தக்காரர் மூன்று மாதக் கூலியைத் தரவில்லையாம். "எழுதிக் கொடுக்கிற ஐயா இருக்காங்களா?" என்று கேட்டாள். எங்களுள் ஒருவர் சுவரிலிருந்த படத்தைச் சுட்டிக் காட்டினார். அவள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்று அங்கே நின்றவர்களுள் நானும் ஒருவன். நாள் முழுதும் கோப்பும் குறிப்பும் எழுதிப் பிழைக்கும் எழுத்தன் நான். ஒரு மனு எழுதத் தெரியாதவன் அல்லன். அவள் போன பிறகுதான் அவ்வெண்ணம் எனக்குத் தோன்றியது. அவளை நாங்கள் மறுபடி காணவில்லை. அடுத்த வாரம் மேசையைத் துடைத்துத் திண்ணையில் போட்டோம். இப்பொழுது நால்வர் முறை வைத்து அமர்கிறோம்.

ஞாயிறு ஓய்வு நாளாக இருப்பதனால்தான் நாம் அமர முடிகிறது. அவர்களும் வர முடிகிறது. 1890 இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு அந்த ஞாயிறு ஓய்வைப் போராடிப் பெற்றுத் தந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. அவரும் பூலேயின் சமாஜத்தவர். சாவித்திரிபாய் மறைந்த 1897 ஆம் ஆண்டிலேயே அவரும் பிளேக் நோயால் மறைந்தார். அவர்கள் பெற்றுத் தந்த நாளில், அவர்கள் விட்டுச் சென்ற பணியில் ஒரு சிறு கூறினை நாம் செய்வோம். மேசையில் இன்னும் இருவர் அமர இடம் இருக்கிறது. ஆர்வமுள்ள அன்பர்கள் பேனாவுடன் வருக.