காலாட்கள் தோழர் ஊரில் துப்பாக்கி யார் கையில்?

அமெரிக்காவில் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் அதுதான் பேச்சு. "நல்லவேளை, நம்ம நாட்டுல அந்த உரிமை இல்லை" என்பார் ஒருவர். "இருந்திருந்தா ரவுடிப் பயலுக இந்த ஆட்டம் ஆடுவானுகளா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நம்மிடம் எப்போதாவது ஆயுதம் இருந்ததா? இருந்தது என்றால், எப்போது, எப்படிப் போனது? எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தை வைத்தே இதற்குப் பதில் தேடிப் பார்த்தேன்.

முதலில் இரண்டு தேதிகள். 1791 டிசம்பர் 15: அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் நிறைவேறி, ஆயுதம் வைத்திருப்பது மக்களின் உரிமை என்று எழுத்தில் ஏறியது. 1801 டிசம்பர் 1: சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. தென்பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும் என்றது அந்தப் பிரகடனம். இங்கிலாந்தை எதிர்த்து ஜெயித்தவர்கள் உரிமையை எழுதிக்கொண்டார்கள். இங்கிலாந்தை எதிர்த்துத் தோற்றவர்களுக்குத் தடை வந்தது. இடைவெளி பத்தே வருஷம்.

நம்ம பக்கம் அதற்கு முன்பு எப்படி இருந்தது? அரியலூர், உடையார்பாளையம் இரண்டுமே பாளையங்கள். உடையார்பாளையம் ஜமீன்தார்களின் பட்டப்பெயரே 'காலாட்கள் தோழ உடையார்'. காலாட்படைக்குத் தோழன் என்று பெயரிலேயே படையை வைத்துக்கொண்ட குடும்பம். அந்தக் காலாட்களில் பெரும்பாலோர் முழுநேரச் சிப்பாய்கள் கிடையாது. ஏர் பிடிப்பவர்கள்தான், கூப்பிட்டால் வேலும் வாளும் எடுத்து வருவார்கள். பாளையம் என்பது படை மட்டுமல்ல, காவலும்கூட. திருட்டுப் போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், அதற்காக ஊர் காவல் வரி கொடுக்கும். அதாவது ஆயுதம் ஒரு தனிமனிதனின் உரிமையாக இல்லை, ஒரு வேலையோடு ஒட்டிய பொருளாக இருந்தது. எல்லாச் சாதிக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1751ல் வாலிகண்டபுரத்தில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம் என்று மோதினார்கள். ரஞ்சன்குடிக் கோட்டை இன்றும் அதற்குச் சாட்சியாக நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது. 1765ல் நவாப் முகமது அலி, கம்பெனிப் படையைத் துணைக்கு வைத்துக்கொண்டு அரியலூரையும் உடையார்பாளையத்தையும் பிடித்தார். 1801ல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. பிறகு இந்த இரண்டு குடும்பங்களும் திரும்ப வந்தன, ஆனால் பாளையக்காரராக அல்ல, ஜமீன்தாராக. பட்டம் இருந்தது, காலாட்கள் இல்லை. காவல் வேலை கம்பெனியின் போலீசுக்குப் போய்விட்டது. ஆயுதத்தை யாரும் வீடு புகுந்து பிடுங்காமலே அதற்கு வேலை இல்லாமல் செய்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்ததை 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பார்த்துக்கொண்டது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்தது. இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கோ விதிகளில் விலக்கு. இந்த அவமானம்தான் படித்தவர்களை உறுத்தியது. 1887ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. 1931 கராச்சித் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே இடம்பெற்றது. ஆமாம், காந்தி இருந்த காங்கிரஸ்தான்!

அப்படியானால் அரசியலமைப்பில் அது ஏன் இல்லை? 1948 டிசம்பர் தொடக்கத்தில் எச்.வி. காமத் அதைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நிய ஆட்சி நம்மை நிராயுதபாணியாக்கியபோது கேட்ட உரிமை அது, இப்போது நிலைமை வேறு. வழிப்பறிக்காரனுக்கும் இந்த உரிமை உண்டா? நாட்டைக் காக்க ஆயுதம் எடுக்கும் கடமையைத்தான் வலியுறுத்த வேண்டும் என்கிற பொருளில் பதில் சொன்னார். திருத்தம் தோற்றது. இன்று 19ஆம் பிரிவில் ஆயுதம் என்ற சொல் வருவது ஒரே இடத்தில்: 'ஆயுதமின்றி' அமைதியாகக் கூடும் உரிமை.

என் தொழில் பாஷையில் சொன்னால், அமெரிக்காவில் டீஃபால்ட் 'அனுமதி', நம்மிடம் டீஃபால்ட் 'மறுப்பு'. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் அதைத்தான் தொடர்கிறது. கலெக்டர் ஆபீசில் மனு, போலீஸ் அறிக்கை, பிறகு லைசென்ஸ். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். குடகில் மட்டும் வெள்ளைக்காரன் காலத்து விலக்கு இன்னும் தொடர்கிறது.

இந்தக் கட்டுப்பாடு நல்லதுதானா? 1987 செப்டம்பர் 1, பொன்பரப்பி. வங்கியைக் கொள்ளையடிக்க வந்த தமிழரசனும் தோழர்கள் நான்கு பேரும் ஊர்க்கூட்டத்தால் அடித்தே கொல்லப்பட்டார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது, கூட்டத்திடம் இல்லை. மக்களைச் சுட மனம் வராமல் செத்தார்கள் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் துப்பாக்கி இருந்திருந்தால் சாவு ஐந்தோடு நின்றிருக்குமா? நம்ம பக்கத்துச் சாதிச் சண்டைகளையும் மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், அம்பேத்கர் சொன்னதே சரி.

ஆனால் ஒரு நெருடல். பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக் கொக்கு, காடை சுடுவது அவர்களுடைய பிழைப்பாக இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிழைப்பை மூடியது. ஊசி, பாசிமணிதான் மிச்சம். பழங்குடிப் பட்டியலில் பெயர் ஏற ஐம்பது வருஷம் ஆனது. சட்டம் இயற்றியதே தப்பு என்று சொல்லவில்லை. கரைவெட்டி ஏரிக்குப் பறவைகள் இன்னும் வருகின்றன, அந்தச் சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பாளையக்காரரிடம் படையை வாங்கிக்கொண்ட கம்பெனி பதிலுக்கு ஜமீன் கொடுத்தது. இவர்களிடம் தொழிலை வாங்கிக்கொண்டு நாம் என்ன கொடுத்தோம்?

இத்தனைக்கும் சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. எழுதியவர்களுக்கு யார் விடுபட்டுப் போவார்கள் என்று தெரிந்துதான் இருந்திருக்கிறது. துப்பாக்கி கட்டுப்பாட்டைப் பற்றி அடுத்த தடவை பேசும்போது, "வேண்டுமா, வேண்டாமா" என்பதோடு, யாரிடமிருந்து எடுத்தோம், பதிலுக்கு என்ன கொடுத்தோம் என்பதையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து லைசென்ஸ் புத்தகம் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அது இந்த வரலாற்றின் ஒரு பக்கம்.