ஸ்டார்ட் பட்டன் இல்லாத ஜாய்ஸ்டிக்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போன மாதம் ஒரு பழைய டிவி கேம் வாங்கினேன். 500 சொன்னார், 300 ரூபாய்க்குப் படிந்தது. கேசட் சொருகும் இடத்தில் மண். இரண்டு ஜாய்ஸ்டிக்கும் பெட்டியோடு ஒட்டிப் பிறந்தவை, கழற்ற முடியாது. இரண்டாவதில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன்கள் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் இருந்ததும் இதே ஜாதிதான். முதல் ஜாய்ஸ்டிக் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவன் கையில். "பொறுடா, உன் சான்ஸ் வரும்" என்பான். வராது.

இது அண்ணனின் சதி என்றே ரொம்ப நாள் நம்பினேன். உண்மையில் சதி நடந்தது ஜப்பானில். 1983 ஜூலை 15 அன்று நிண்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' பெட்டியை 14,800 யென்னுக்கு வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் மசாயுகி உவேமுரா. அதன் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட், செலக்ட் கிடையாது. அந்த இடத்தில் ஒரு மைக் இருந்தது. எங்கள் வீட்டுப் பெட்டியை நகலெடுத்தவர்கள் மைக்கை விட்டுவிட்டார்கள். இல்லாத பட்டன்களை மட்டும் அப்படியே நகலெடுத்தார்கள்!

நகலெடுப்பது ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது? ஃபேமிகாமில் பூட்டு இல்லை. 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோதுதான் அடுத்தவர் கேசட்டைத் தடுக்கும் சிப்பை உள்ளே வைத்தார்கள். பூட்டில்லாத பெட்டியைத் தைவானில் நகலெடுத்தார்கள், பிறகு சீனாவிலும். 1992இல் ரஷ்யாவில் 'டெண்டி' என்ற பெயரில் விற்றதும் இந்த நகல்தான். போகப்போக மொத்த சர்க்யூட்டையும் ஒரே சிப்பில் அடக்கி, மேலே கறுப்புப் பிசினை ஊற்றி மூடினார்கள். என் 300 ரூபாய்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அந்தக் கறுப்புப் பொட்டு மட்டும்தான் இருந்தது.

9999 கேம் என்று போட்ட கேசட்டில் உண்மையில் பத்து இருபதுதான் தேறும். சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸப்பில் வரும் குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது. நகல் கேசட்டுகள் பலவற்றில் முதல் திரையிலிருந்து நிறுவனத்தின் பெயரையே அழித்திருந்தார்கள். வருஷக்கணக்கில் விளையாடியும் நிண்டெண்டோ என்ற சொல் எனக்குத் தெரியாது. உழைத்தவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பைசா போகவில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வாத்து சுடும் துப்பாக்கியும் சந்தையில் சேர்ந்தே கிடைத்தது. வீட்டு எல்இடி டிவியில் ஒரு வாத்தும் விழவில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத்தான் தேடுகிறது. புது டிவியில் படம் கண்சிமிட்டும் நேரம் தாமதமாக வருவதால் தவறவிடுகிறது. காயலான் கடையிலிருந்து ஒரு பழைய பெட்டி டிவியைத் தூக்கி வந்தேன். டிவி மலிவு, ஆட்டோ கூலிதான் அதிகம்.

"போலியை எதுக்குடா சேர்க்கற? காசு சேர்த்து ஒரிஜினல் வாங்கு" என்கிறான் நண்பன். ஒரிஜினல் ஜப்பானியப் பிள்ளைகளின் ஞாபகம். அதைப் பத்திரப்படுத்த ஆளிருக்கிறது. பெயரும் வருஷமும் போடாத எங்கள் பெட்டியை யார் எடுத்து வைப்பார்கள்? அதே ஆட்டங்கள் போனில் சும்மாவே ஓடும், சரி. ஆனால் தம்பியாக உட்கார்ந்திருந்த அந்த இரண்டாவது இடம் போனில் இல்லை.

போன ஞாயிறு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டேய், இதுல ஸ்டார்ட்டே இல்லயே?"

"பொறுண்ணா, உன் சான்ஸ் வரும்."