அரத்தின் பயிற்சி, விரல்களின் பொறுமை: பெங்களூரு தொழிற்சாலைகளில் வேலையும் இயல்பும்

பெங்களூரின் தொழில் வரலாற்றில் முதலீடும் இயந்திரங்களும் பெற்ற கவனத்தை, அவ்வியந்திரங்களின் முன் நின்றவர்களின் அனுபவம் பெறவில்லை. ஒருவர் தம் வேலையில் நிறைவு காண்பது அவருடைய இயல்பால் வருவதா, பெற்ற பயிற்சியால் வருவதா, அல்லது வேலை நடக்கும் சூழலால் வருவதா என்ற கேள்விக்கு, 1940 முதல் அந்நகரில் எழுந்த தொழிற்சாலைகள் அரிய சான்றுகளை விட்டுச் சென்றுள்ளன. இயல்பு என்று நிர்வாகங்கள் பெயரிட்டதில் பெரும்பகுதி பயிற்சியாலும் சூழலாலும் உருவாக்கப்பட்டதே என்பதை அச்சான்றுகள் காட்டுகின்றன.

நகரின் முதல் பெரிய ஆலைகள் 1880களில் தோன்றிய துணி ஆலைகள். 1884இல் தொடங்கப்பட்டுப் பின்னர் பின்னி நிறுவனத்தின் மேலாண்மைக்குள் வந்த ஆலையிலும் அதன் சம காலத்தவையிலும் கன்னடம் பேசுவோரோடு தமிழ் பேசுவோரும் திரளாக வேலை செய்தனர். அக்காலத் துணி ஆலைகளில் பொதுவாக மேஸ்திரி எனப்பட்ட மேற்பார்வையாளரே ஆளைச் சேர்ப்பவராகவும் இருந்தார். உறவினர் அருகில் நின்று பார்த்துப் பழகுவதே பயிற்சி. தொழிலைக் கற்றுத்தரும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு என்ற எண்ணம் அங்கே வேரூன்றவில்லை.

1940இல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் பங்களிப்போடு தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948இல் கிருஷ்ணராஜபுரம் அருகே எழுந்த இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையான ஐ.டி.ஐ., 1953இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு ஜாலஹள்ளியில் அமைந்த எச்.எம்.டி., 1954இல் அதன் அண்டையில் பிறந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றால் நிலைமை மாறியது. இயந்திரங்களை உருவாக்கும் இயந்திரங்களை, அதாவது கடைசல், துளையிடல், அரைத்தல் போன்ற பணிகளுக்கான அடிப்படைப் பொறிகளைச் செய்யும் எச்.எம்.டி. போன்ற ஆலைக்கு அனுபவத்தால் மட்டும் பழகியவர் போதவில்லை. அப்ரண்டிஸ் எனப்படும் தொழில் பயிலுநர், இரும்புத் துண்டொன்றை அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சதுரமாக்கக் கற்ற பின்னரே பொறிகளின் பக்கம் சென்றார். உடலுக்கு அலுப்பூட்டும் அப்பயிற்சியில் கை அளவை உணரப் பழகியது. மைக்ரோமீட்டர் என்னும் நுண்ணளவைக் கருவியால் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைச் சரிபார்க்கும் பழக்கமும் அதைத் தொடர்ந்தது. தாம் கடைந்த பாகத்தின் துல்லியத்தைத் தாமே அளந்து அறியக்கூடியவருக்கு வேலையில் உண்டாகும் பெருமிதம், எத்தகைய இயல்பினர் ஆனாலும், அத்திறனைக் கற்றிராதவருக்கு வாய்ப்பதில்லை.

இயல்பைப் பற்றிய நம்பிக்கை மிக வலுவாகச் செயல்பட்டது பெண்களின் பணியிடங்களில்தான். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு எச்.எம்.டி. தொடங்கிய கைக்கடிகாரப் பிரிவிலும், ஐ.டி.ஐ.யில் கம்பிச்சுருள் சுற்றும் பணியிலும் பாகங்களைப் பொருத்தும் பணியிலும் பெண்கள் நியமிக்கப்பட்டனர். மெல்லிய விரல்களும் பிறவிப் பொறுமையும் பெண்களுக்கு உண்டு என்பது, உலகெங்கும் மின்னணு ஆலைகள் அந்நாளில் சொல்லிவந்த காரணம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மாலை 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பெண்களை வேலை வாங்குவதைப் பொதுவாகத் தடைசெய்திருந்ததால் இரவு ஷிப்டு ஓடும் பொறிக்கூடங்கள் அவர்களுக்கு எட்டாதவையாயின என்ற சட்டக் காரணமும் கூடவே இருந்தது; அது பேசப்பட்டது குறைவு. கண்ணில் உருப்பெருக்கியும் கையில் சாமணமுமாக அமர்ந்து நுண்ணிய பற்சக்கரங்களை இருத்தும் திறன் தூசியற்ற கூடத்திலும் நல்ல வெளிச்சத்திலும் நீண்ட பயிற்சியால் கைவந்ததாகும். பின்னர் டைட்டன் நிறுவனம் ஓசூரில் தன் கடிகார ஆலைக்குத் தொழிற்சாலை அனுபவமே இல்லாத கிராமப்புற இளைஞர்களைப் பெருமளவில் தேர்ந்து பழக்கியபோது, அப்பொறுமையை ஆண் கைகளும் கற்றுக்கொள்ளக்கூடியவை என்பது தெளிவாயிற்று.

பயிற்சிக்கு இணையாகச் சூழலும் நின்றது. நிரந்தர வேலை, குடியிருப்பு, மருத்துவம், கேண்டீன், கம்பெனி பஸ் ஆகியவை ஒரு தலைமுறையின் வாழ்வை உறுதியாக்கின. 1976இல் வெளியான தம் நூலில் பெங்களூரு ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்த மானிடவியலாளர் மார்க் ஹோம்ஸ்ட்ரோம், சட்டப் பாதுகாப்பும் நிலையான ஊதியமும் உள்ள அமைப்புசார் துறையைக் கோட்டைக்கு ஒப்பிட்டார்: உள்ளே இருப்பவருக்கு அரண், வெளியே இருப்பவருக்கு மதில். உள்ளும் புறமும் அவ்வளவு கூர்மையாகப் பிரிவதில்லை, இடையில் பல படிகள் கொண்ட சரிவு இருக்கிறது என்று 1984இல் அவரே அதைத் திருத்தினார். தம் முடிவை மறுபடியும் சோதித்துப் பார்த்த அந்த நேர்மை போற்றத்தக்கது.

அரணுக்குள்ளும் மனக்குறை இருந்தது. பெல் எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்துக்கு இணையான ஊதியம் கோரி, 1980 டிசம்பர் இறுதியில் பெங்களூரின் ஐந்து பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 77 நாட்கள் நீடித்து, முக்கியக் கோரிக்கை நிறைவேறாமலே முடிந்தது. சலுகை பெற்றவர்களின் பேராசை என்று அதனை ஒதுக்கியோர் ஒன்றைக் கவனிக்கத் தவறினர்: திறன் உயர உயர, அத்திறனுக்குரிய மதிப்பு எவ்வளவு என்ற கேள்வியும் தொழிலாளரிடம் கூர்மை அடைகிறது.

2016 ஜனவரியில் எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்துப் பெங்களூரின் பீண்யாவிலும் ஓசூர் சாலையிலும் ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தனர். அவர்களின் விரல்களும் கடிகாரம் பொருத்திய விரல்களைப் போன்றவையே. ஆனால் காலரை மட்டும், கையை மட்டும் தைக்கும் அளவுக்குத் துண்டாக்கப்பட்ட வேலை, மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு, அடிக்கடி ஆலை மாறும் நிலை ஆகியவற்றுக்கு நடுவே அந்த நிதி ஒன்றே பலருடைய சேமிப்பாக இருந்தது. ஏப்ரல் 19 அன்று மத்திய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. தையல் வரிசைகளின் மணிக்கணக்கு இலக்கு அப்படியே நீடித்தது.