இனிப்பு மாற்றுகளின் எச்சரிக்கை மொழி: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

அன்றாடப் பானங்களும் அவற்றில் சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் செயற்கை இனிப்புகளும் உடல்நலத்திற்குத் தீங்கு செய்வனவா என்னும் வினா நூறாண்டிற்கும் மேற்பட்டது. அதற்கு அறிவியல் தந்த விடைகள் காலந்தோறும் மாறியுள்ளன. விடைகளின் உறுதிப்பாடும் ஒரே அளவினதாக இல்லை. அந்த உறுதிப்பாட்டைத் தமிழில் குறையாமலும் மிகாமலும் பெயர்ப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சாக்கரின்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஐரா ரெம்சனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் 1879ஆம் ஆண்டையொட்டிச் சாக்கரினின் இனிப்பைக் கண்டறிந்தார். சர்க்கரையினும் ஏறத்தாழ 300 மடங்கு இனிப்புடைய இப்பொருளின் பெயர் இலத்தீன், கிரேக்க மொழிகளின் வழியே வடமொழிச் 'சர்க்கரா'வைச் சென்றடைகிறது. ஆகவே சர்க்கரையும் சாக்கரினும் சொல்லளவில் உறவின.

மிகுந்த அளவில் சாக்கரின் உட்கொண்ட எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியமையால், 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அதனைத் தடைசெய்ய முற்பட்டது. மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அந்நாட்டுக் காங்கிரசு தடையை நிறுத்திவைத்து, எச்சரிக்கை வாசகம் மட்டும் பொறிக்கப்பட வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. எலிகளில் கட்டி தோன்றும் வழிமுறை எலிச் சிறுநீரின் இயல்பைச் சார்ந்தது என்பதும் மனிதருக்குப் பொருந்தாது என்பதும் பின்னர்த் தெளிவாயின. 2000ஆம் ஆண்டில் அவ்வாசகம் நீக்கப்பட்டது.

3. காப்பியும் அஸ்பார்ட்டேமும்

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் காப்பியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தொடர்பாக 2பி வகையில் சேர்த்தது. 2016இல் அதனை வகைப்படுத்த இயலாதவற்றுக்குரிய 3ஆம் வகைக்கு மாற்றியது. அவ்வாண்டிலேயே 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தப்படும் பானங்கள் 2ஏ வகையில் இடம்பெற்றன. பானம் எது என்பதைவிட அதன் சூடே இங்குக் கருதப்பட்டது.

2023 சூலையில் அஸ்பார்ட்டேம் 2பி வகையில் சேர்க்கப்பட்டது. அதே வேளையில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்னும் பழைய வரம்பை மாற்றவில்லை. இவ்விரு முடிவுகளும் முரண்பட்டவை அல்ல. முன்னது பொருளின் தீங்காற்றலைப் பற்றியது. பின்னது உட்கொள்ளும் அளவால் நேரும் இடரைப் பற்றியது. இரண்டையும் 'ஆபத்து' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் முரண்பாடு இருப்பதாகத் தோன்றும்.

4. வினைமுற்றுகளின் பொறுப்பு

'புற்றுநோய் உண்டாக்கும்' என்னும் முற்று பொருளின் இயல்பைத் துணிந்து கூறுவது. சான்று போதிய அளவில் உள்ள முதல் வகைக்கே அது பொருந்தும். '-லாம்' ஈறு இசைவையும் வாய்ப்பையும் ஒருங்கே குறிப்பதால் 'உண்டாக்கலாம்' என்பது மயக்கத்திற்கு இடமளிக்கிறது. எனவே 2பி வகைக்கு 'உண்டாக்கக்கூடும்' என்றும், 2ஏ வகைக்கு 'உண்டாக்க வாய்ப்பு மிகுதி' என்றும் வேறுபடுத்துவது தக்கது.

5. முடிவுரை

எடைக் கட்டுப்பாட்டிற்கு இனிப்பு மாற்றுகளைப் பயன்படுத்த வேண்டாம் என உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மேத் திங்களில் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உடையோருக்கு இப்பரிந்துரை பொருந்தாது என்பதும் அதன் பகுதியே. பெயர்ப்பில் இவ்விலக்கு விடுபட்டால், மாற்றினை அஞ்சி ஒரு நோயாளர் சர்க்கரைக்கே திரும்பவும் நேரும். மூலத்தின் ஐயத்தை ஐயமாகவும், துணிபைத் துணிபாகவும், விலக்கை விலக்காகவும் பெயர்ப்பதே நலவாழ்வு நூல்களை மொழிபெயர்ப்போரின் முதற்கடன் எனலாம்.