கொறங்காடும் கிளுவை வேலியும்

மேய்ச்சல் நிலம் என்றால் ஊர்ப் பொதுவான மந்தைவெளியும் புறம்போக்கும் காடும்தான் என்பது தமிழகத்தின் பெரும்பகுதிக்குப் பொருந்துமாயினும், காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரங்களில் உழவர்கள் தம் சொந்தப் புன்செயிலேயே ஒரு பகுதியை வேலியடைத்துப் புல்லுக்கென விட்டுவைத்தனர்; அதுவே கொறங்காடு எனப்படுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே காணும் அம்மேட்டு நிலத்தில் சோளமும் கம்பும் பொய்க்கும் ஆண்டிலும் கொழுக்கட்டைப்புல் வேர்பிடித்து நின்றது. இடையிடையே வளர்ந்த வெள்வேல மரங்கள் நிழலையும், கோடையில் உதிரும் காய்களால் தீனியையும் தந்தன. காங்கேயம் மாட்டினத்துக்குப் பழையகோட்டைப் பட்டக்காரர்களின் மந்தையால் புகழ் வந்ததைப் பலரும் அறிவர். அம்மந்தையை வளர்த்த புல்லைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கொறங்காட்டுக்கு உயிர் அதன் வேலிதான். கிளுவைப் போத்துகளை, அதாவது நடுவதற்கென வெட்டிய கிளைகளை, நெருக்கமாக ஊன்றி வளர்த்த உயிர்வேலி நிலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்தது. துண்டின் வாயில் கடவு என்றும், அதை அடைக்கும் முள்தட்டி படல் என்றும், இரு வேலிகளுக்கிடையே ஓடும் வண்டித்தடம் இட்டேரி என்றும் வழங்கின. ஒரு துண்டில் புல்லின் தூர் தெரியுமுன் அடுத்ததன் படலைத் திறந்து மாடுகளை விடுவதும், மேய்ந்த துண்டை மழை பெய்து தழைக்கும்வரை அடைத்துவைப்பதும் முறையாக இருந்ததால், மேய்ப்பவர் உடன் நில்லாமலே மாடுகள் உள்ளே மேய்ந்து கிடந்தன.

அசைபோடும் கால்நடையின் முதல் இரைப்பையில் புல்லை நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தீனி மாற்றத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரங்கள் ஆகுமாதலால், காய்ந்த தட்டு தின்ற மாட்டை மழைக்குப்பின் துளிர்த்த இளம்புல்லில் திடீரென விட்டால் கழிச்சலும் வயிற்று உப்புசமும் நேரக்கூடும். அதே புல் வளரும் பக்கத்துத் துண்டுக்கு நகரும் மாட்டுக்கு அவ்விடர் சிறிது. பெரிய இடர் சோளத்தில் இருந்தது. கொறங்காட்டைச் சில ஆண்டுகளுக்கொருமுறை உழுது சோளம் விதைத்து மீண்டும் புல்லுக்கு விட்டமையால், கதிரறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பு அதே வேலிக்குள் நின்றது. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் விழுந்து சாவதைக் கண்டறிந்த உழவர் அத்துண்டை அடைத்தே வைத்தனர். சோளக் குருத்திலுள்ள துரின் என்னும் பொருளிலிருந்து ஐதரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு வெளிப்படுவதை டன்ஸ்டன், ஹென்றி என்னும் ஆங்கிலேய வேதியியலார் விளக்கியது 1902இல்தான்.

வீட்டுமனைகளாகவும் காற்றாலை நிலங்களாகவும் மாறாமல் எஞ்சிய கொறங்காடுகளிலும் இன்று கிளுவையின் இடத்தைக் கம்பிவேலி பிடித்துவருகிறது. மாடுகள் நின்ற துண்டுகள் பலவற்றில் செம்மறிகளே மேய்கின்றன.